நாய்க்கு முதுகெலும்பு நோய் வந்தால்...? சம்பளக்காரர் என்ன செய்யலாம்?

நேற்று வரை வாலை ஆட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்த நாய், இன்று பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு நகர்கிறது. தூக்கினால் கத்துகிறது. எழுந்து நிற்க முயன்று விழுகிறது.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்றும் புரிவதில்லை. "மாடிப்படியில் விழுந்திருக்குமோ?" என்கிறார் ஒருவர். "யாரோ அடித்துவிட்டார்கள்" என்கிறார் இன்னொருவர். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இனி இது தேறாது. ஊசி போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

டாக்டரிடம் கொண்டு போனால் அங்கே இன்னோர் அதிர்ச்சி. "ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆபரேசன் தேவைப்படலாம்" என்கிறார். செலவைக் கேட்டதும் தலை சுற்றுகிறது.

மும்பையில் மாதச் சம்பளம் வாங்கும் ஒருவருக்கு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ரெயில் பாஸ், ஊருக்கு அனுப்பும் பணம் எல்லாம் போக மிஞ்சுவது என்ன? தொழிலாளிக்கு நோய் வந்தால் இ.எஸ்.ஐ. இருக்கிறது. அவர் வளர்க்கும் நாய்க்கு எதுவும் இல்லை.

அப்படியானால், பணம் இல்லாதவர் நாயைக் கைவிடத்தான் வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்த நோயில் பணத்தால் ஆகும் காரியமும் உண்டு. பணம் இல்லாமல், பொறுமையால் ஆகும் காரியமும் உண்டு. எது எப்போது என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

நோய் என்ன?

நாயின் முதுகெலும்பு சின்னச் சின்ன எலும்புகளால் ஆனது. கழுத்தில் 7, முதுகில் 13, இடுப்பில் 7. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தை போல ஒரு தட்டு உண்டு. அதுதான் டிஸ்க். வெளியே நார், உள்ளே பிசின் போன்ற பொருள்.

சில நாய்களுக்கு இந்தப் பிசின், குட்டியாக இருக்கும்போதே காய்ந்து சுண்ணாம்பு போல ஆகத் தொடங்கிவிடுகிறது. ஒரு நாள் கட்டிலில் இருந்து குதிக்கும்போதோ, சும்மா திரும்பும்போதோ, நார் கிழிந்து அந்தப் பொருள் மேலே பாய்கிறது. மேலே தண்டுவடம் போகிறது. அது நசுங்கியதும் கால் விழுந்துவிடுகிறது.

பெரும்பாலும் முதுகும் இடுப்பும் சேரும் இடத்தில்தான் இது நடக்கும். அதனால்தான் முன்னங்கால்கள் நன்றாக இருக்க, பின்னங்கால்கள் மட்டும் செயல் இழக்கின்றன.

எந்த நாய்க்கு வரும்?

உடம்பு நீளம், கால் குட்டை. இப்படிப்பட்ட நாய்களுக்கே இந்த ஆபத்து அதிகம். முதல் இடம் டாக்ஸ்ஹண்ட் நாய்க்கு. அந்த இனத்தில் ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை, ஆயுளில் ஒரு முறையாவது இந்த நோய்க்கு ஆளாகின்றன. பீகிள், ஷீ சூ, பெகினீஸ் போன்ற இனங்களும் பட்டியலில் உண்டு. மூன்று முதல் ஏழு வயதுக்குள் நோய் தலைகாட்டுவது வழக்கம்.

காலைக் குட்டையாக்கும் மரபணுக் கோளாறு ஒன்றே டிஸ்க்கையும் சீக்கிரம் முதுமை அடையச் செய்கிறது என்று 2017-ம் ஆண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். எந்த அழகுக்காக அந்த நாயை வாங்குகிறோமோ, அந்த அழகிலேயே நோயும் இருக்கிறது!

நம் ஊர் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்கு நீண்ட கால்கள். தெரு நாய்க்கும் அப்படியே. அவற்றுக்கு இந்த நோய் குறைவு. ஆனால், தெரு நாய்க்கு வேறு எமன் இருக்கிறான். அது மோட்டார் வண்டி. அடிபட்டு முதுகெலும்பு முறிந்தால், அதுவும் இதே கோலத்தில்தான் கிடக்கும்.

கை வைக்கும் முன்...

பின்னங்கால் விழுந்ததெல்லாம் டிஸ்க் நோய் அல்ல. டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயாலும் கால் இழுக்கும். உண்ணி கடித்து வரும் காய்ச்சலாலும் நடை தள்ளாடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வெறிநோயில், கடிக்காமல் முடங்கிப்போகும் வகை ஒன்று உண்டு. தடுப்பூசி போடாத நாய் திடீரென்று தள்ளாடினால், எச்சில் ஒழுகினால், தண்ணீர் விழுங்க முடியாமல் தவித்தால், "தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது" என்று வாயில் கை விடாதீர்கள். எச்சில் பட்டுவிட்டால் அல்லது பல் பட்டுவிட்டால், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

அடிபட்ட நாயைக் கையில் அள்ளித் தூக்குவதும் தவறு. முறிந்த எலும்பு தண்டுவடத்தை அறுத்துவிடும். பலகையிலோ, கெட்டியான அட்டையிலோ மெதுவாக நகர்த்தி, துணியால் கட்டிக் கொண்டு போக வேண்டும்.

காசு செலவில்லாத சோதனை

இந்த நோயில் மிக முக்கியமான சோதனைக்குக் கருவி வேண்டாம். டாக்டரின் கையும் ஓர் இடுக்கியும் போதும்.

நோயை ஐந்து படியாகப் பிரிக்கிறார்கள்.

முதல் படி: வலி மட்டும். நாய் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும். கட்டிலில் ஏறாது. வயிறு விறைத்திருக்கும். வயிற்று வலி என்று பலர் ஏமாந்துபோவது இந்தக் கட்டத்தில்தான்.

இரண்டாம் படி: நடக்கும். ஆனால், குடித்தவன் போலத் தள்ளாடும்.

மூன்றாம் படி: காலை அசைக்கும். எழுந்து நடக்க முடியாது.

நான்காம் படி: கால் அசைவே இல்லை. ஆனால் விரலை அழுத்திக் கிள்ளினால் வலி தெரியும்.

ஐந்தாம் படி: எவ்வளவு அழுத்தினாலும் வலி தெரியாது.

இதில் வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. விரலைக் கிள்ளியதும் நாய் காலை இழுத்துக்கொள்கிறது. உடனே, "உணர்ச்சி இருக்கிறது" என்று மகிழ்ந்துபோகிறார்கள். கால் தானாக இழுபடுவது, மூளைக்குச் செய்தி போகாமலே நடக்கும். நாய் திரும்பிப் பார்க்க வேண்டும், கத்த வேண்டும், அல்லது கடிக்க வர வேண்டும். அப்போதுதான் வலி மூளைக்குப் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

பிழைக்கும் வாய்ப்பு

முதல் இரண்டு படிகளில், ஆபரேசன் இல்லாமலே பத்தில் எட்டு நாய்கள் தேறுகின்றன. மூன்றாம் படியிலும் ஏறத்தாழ அப்படியே.

நான்காம் படியில் ஆபரேசன் செய்தால் பத்தில் ஒன்பதுக்கு மேல் நடக்கின்றன. செய்யாவிட்டால் பத்தில் ஆறு.

ஐந்தாம் படியில்தான் வித்தியாசம் பெரியது. ஆபரேசன் செய்தால் பத்தில் ஆறு. செய்யாவிட்டால் பத்தில் இரண்டு.

ஆகவே, நாய் மூன்றாம் படியிலோ அதற்கு முன்போ இருந்தால், பணம் இல்லையே என்று மனம் உடைய வேண்டியதில்லை. நான்காம், ஐந்தாம் படியானால், முடிவைத் தள்ளிப் போடக் கூடாது. 48 மணி நேரம் தாண்டினால் வழியே இல்லை என்று முன்பு சொல்வார்கள். அப்படிக் கறாரான கெடு எதுவும் இல்லை என்று இப்போது கருதுகிறார்கள். அதற்காகத் தாமதம் நல்லது என்று ஆகிவிடாது.

எவ்வளவு ஆகும்?

எக்ஸ்ரேக்குச் செலவு குறைவு. எலும்பு முறிவு தெரியும். ஆனால், தண்டுவடம் அதில் தெரியாது. ஆபரேசன் என்று முடிவானால்தான் எம்.ஆர்.ஐ. அல்லது சி.டி. ஸ்கேன் தேவை. நாய் அசையாமல் இருக்க மயக்க மருந்தும் கொடுக்க வேண்டும். தனியார் இடங்களில் இதற்கே பத்தாயிரம் ரூபாயைத் தாண்டும். ஆபரேசன், மருந்து, தங்கும் செலவு எல்லாம் சேர்ந்தால், ஒரு குமாஸ்தாவின் சில மாதச் சம்பளம் போய்விடும்.

"ஆபரேசனுக்குப் பணம் இல்லை" என்று முடிவு செய்துவிட்டால், ஸ்கேனும் வேண்டுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். படம் எடுத்துவிட்டு, வைத்தியத்துக்குப் பணம் இல்லாமல் திரும்புவதில் என்ன பயன்?

டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: நாய் எந்தப் படியில் இருக்கிறது? வலி உணர்ச்சி உண்டா, இல்லையா? ஆபரேசன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? மொத்தச் செலவு எவ்வளவு? எழுதித் தர முடியுமா? தவணையில் கட்டலாமா?

கேட்பதில் வெட்கம் வேண்டாம். "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டால், அந்தத் தொகைக்குள் என்ன செய்யலாம் என்று நல்ல டாக்டர் வழி சொல்வார்.

மும்பையில் எங்கே?

மும்பைக்கும் நாய்க்கும் பழைய சொந்தம் உண்டு. தெரு நாய்களைக் கொல்ல ஆங்கிலேய அரசு உத்தரவு போட்டபோது, 1832-ம் ஆண்டு பார்சிகள் கொதித்தெழுந்து கலகமே செய்தார்கள்.

பரேலில் உள்ள பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி, பார்சிப் பிரபு தின்ஷா மானெக்ஜி பெட்டிட்டின் கொடையால் 1880-களில் உருவானது. சகர்பாய் என்பது அவர் மனைவியின் பெயர். மிருகவதைத் தடுப்புச் சங்கம் நடத்தும் ஆஸ்பத்திரி இது. பரேலிலேயே 1886-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. தாராவி, மாதுங்கா, சயான் பக்கம் இருப்பவர்களுக்கு இது எட்டும் தூரம்தான். மகாலட்சுமியில் டாடா அறக்கட்டளையின் நவீன சிறு பிராணிகள் ஆஸ்பத்திரி 2024-ல் திறக்கப்பட்டது.

பொதுவாக, தர்ம ஸ்தாபனங்களிலும் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் கட்டணம் தனியாரை விடக் குறைவாக இருக்கும். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். காலையிலேயே போவது நல்லது.

கடன் வாங்குவதானால், ஆபீஸ் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்குங்கள். கந்து வட்டிக்காரன் பக்கம் போகாதீர்கள். நாய் எழுந்து நடந்த பிறகும் வட்டி நடந்துகொண்டே இருக்கும்!

நாய்க்கு இன்சூரன்சும் வந்துவிட்டது. ஆனால், எல்லா பாலிசியும் வைத்தியச் செலவைத் தருவதில்லை. நாய் இறந்தால் மட்டும் பணம் தருவதும் உண்டு. ஏற்கனவே உள்ள நோய்க்குப் பணம் கிடைக்காது. எனவே குட்டியாக இருக்கும்போதே, நிபந்தனைகளைப் படித்துப் பார்த்துச் சேர வேண்டும்.

ஏழையின் மருந்து: ஓய்வு

ஆபரேசன் இல்லாத வைத்தியத்தில் முக்கால் பங்கு ஓய்வுதான். குறைந்தது நான்கு வாரம். "வீட்டுக்குள்ளேதான் இருக்கிறது" என்பது ஓய்வு அல்ல. நாய் நிற்க, திரும்ப, படுக்க மட்டும் இடம் உள்ள கூண்டில் இருக்க வேண்டும். பழக்கடை மரப்பெட்டி இரண்டைச் சேர்த்து அடித்தாலே போதும். சிறுநீர் கழிக்க மட்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு கை நெஞ்சுக்கு அடியில், ஒரு கை பின்புறத்துக்கு அடியில். முதுகு வளையக் கூடாது.

ஒற்றை அறை வீட்டில் கூண்டுக்கு இடமா என்று கேட்கலாம். கட்டிலுக்கு அடியில் வைத்த டிரங்குப் பெட்டியை ஒரு மாதம் வெளியே எடுத்தால், அந்த இடம் போதும்.

நாய் அழும். பிள்ளைகள், "பாவம், திறந்துவிடுங்கள்" என்பார்கள். பத்து நாளில் வலி குறைந்து, நாய் குதிக்கப் பார்க்கும். அதுதான் மிக ஆபத்தான நேரம். வலி போனது மாத்திரையால். கிழிந்த நார் இன்னும் சேரவில்லை. அன்று கதவைத் திறந்தால், இரண்டாம் படியில் இருந்த நாய் ஐந்தாம் படிக்குப் போய்விடலாம்.

மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். நமக்கு வாங்கி வைத்த இபுபுரூபன், டைக்ளோபினாக் மாத்திரைகளை நாய்க்குக் கொடுக்கக் கூடாது. அவை வயிற்றில் புண்ணும் ரத்தக் கசிவும் உண்டாக்கும்; சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஸ்டீராய்டு ஊசி போட்ட நாய்க்கு வலி மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது இன்னும் மோசம். இந்த நோய்க்கு ஸ்டீராய்டை வழக்கமாகத் தர வேண்டியதில்லை என்று அமெரிக்க கால்நடை வல்லுநர் குழு 2022-ல் கூறியது. ஒரு டாக்டரிடம் இருந்து இன்னொருவரிடம் போனால், முன்பு என்ன ஊசி போட்டார்கள் என்பதைச் சொல்லுங்கள்.

சிறுநீர்தான் முக்கியம்

கால் விழுந்த நாயைக் கொல்வது பெரும்பாலும் கால் அல்ல. சிறுநீர்ப் பையும் படுக்கைப் புண்ணும்தான்.

நாய் படுத்த இடம் ஈரமாக இருந்தால், "சிறுநீர் போகிறது" என்று நினைக்கிறார்கள். பை நிரம்பி வழிந்தாலும் இடம் ஈரமாகத்தான் இருக்கும். உள்ளே தேங்கியது சீழ் பிடிக்கும். நாளைக்கு மூன்று, நான்கு முறை அடிவயிற்றைப் பக்குவமாக அழுத்திப் பையைக் காலி செய்ய வேண்டும். இதை டாக்டரிடம் நேரில் பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். பழகிவிட்டால் ஐந்து நிமிட வேலை. காலை ஷிப்டுக்குப் போகும் முன் கணவர், மதியம் மனைவி, இரவு மூத்த பிள்ளை என்று பிரித்துக்கொண்டால் பாரம் தெரியாது.

கீழே பஞ்சு மெத்தை, மேலே ரெக்சின், அதன் மேல் பழைய வேட்டி. நனைந்தால் வேட்டியை மட்டும் மாற்றலாம். தானாகப் புரள முடியாத நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிட வேண்டும். இடுப்பு எலும்பு பதியும் இடம் சிவந்திருக்கிறதா என்று தினமும் பார்க்க வேண்டும்.

ஓய்வுக் காலம் முடிந்தும் கால் வரவில்லையா? பி.வி.சி. குழாய், இரண்டு சின்னச் சக்கரம், தோள்பட்டைக்கு ஒரு பட்டை. இவற்றைக் கொண்டு தள்ளுவண்டி ஒன்று செய்துவிடலாம். ஒர்க்ஷாப் வேலை தெரிந்த தொழிலாளிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது போதும். முதலில் கால் மணி நேரம் பழக்கினால் போதும். வண்டியில் மாட்டியபடி நாள் முழுவதும் விடக் கூடாது. வலி இல்லாத நாய் இந்த வண்டியோடு பல ஆண்டுகள் நன்றாக வாழும்.

ஊருக்குப் போகும்போது...

மே மாத விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு சிக்கல். ரெயிலில் நாயை ஏ.சி. முதல் வகுப்பில் தனி அறை எடுத்துத்தான் கூட வைத்துக்கொள்ள முடியும். இல்லையானால், கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் விட வேண்டும். முதுகு நோய் உள்ள நாய்க்கு அந்தக் குலுக்கல் ஆகாது. ஓய்வுக் காலத்தில் வீட்டில் ஒருவர் தங்குவதே நல்லது.

"எங்காவது விட்டுவிட்டுப் போய்விடலாம்" என்ற எண்ணம் சிலருக்கு வரும். நடக்க முடியாத நாயைப் பட்டினியில் சாகும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்துக்கு வழி திறந்தவர் தமிழகத்தைச் சேர்ந்த ருக்மிணி தேவி அருண்டேல். 1953-ல் டெல்லி மேல்சபையில் இதற்காக மசோதா கொண்டு வந்தவர் அவர்தான். முதல் குற்றத்துக்கு அந்தச் சட்டத்தில் எழுதிய அபராதம் 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. தொகை சின்னதுதான். பாவம் அப்படி அல்ல.

எப்போது விடை கொடுப்பது?

எல்லா நாயும் பிழைக்கும் என்று சொல்ல முடியாது. வலி உணர்ச்சி போன நாய்களில் சிலவற்றுக்கு, தண்டுவடமே அழுகத் தொடங்குகிறது. தளர்ச்சி பின்னங்காலில் இருந்து மேலே மேலே ஏறும். முன்னங்கால் விழும். கடைசியில் மூச்சு முட்டும். சில நாட்களுக்குள் இது நடந்துவிடும். இதற்கு மருந்து கிடையாது. டாக்டர் இதை உறுதி செய்துவிட்டால், ஊசி போட்டு அனுப்பி வைப்பதே கருணை.

ஆனால், "நடக்கவில்லை" என்பது மட்டும் உயிரை எடுக்கக் காரணம் ஆகாது. சாப்பிடுகிறதா? பெயர் சொன்னால் பார்க்கிறதா? வலி இல்லாமல் தூங்குகிறதா? இந்த மூன்றுக்கும் "ஆம்" என்றால், இன்னும் சில வாரம் பொறுத்துப் பார்க்கலாம்.

வருமுன் காக்க...

நாயைப் பெருக்க விடாதீர்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். கட்டிலில் இருந்து குதிக்க விடாதீர்கள். சால் வீட்டு மாடிப்படியில் குட்டைக்கால் நாயைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்குங்கள். கழுத்துப் பட்டைக்குப் பதில் நெஞ்சுப் பட்டை போடுங்கள். தடுப்பூசிகளைத் தவறாமல் போடுங்கள்.

புதிதாக நாய் வாங்க நினைப்பவர், கடையில் குட்டியின் விலையை மட்டும் கேட்கிறார். அது ஒரு நாள் விலை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு அதைக் காப்பாற்றும் செலவு தனி. மாதம் நூறு, இருநூறு ரூபாயை நாயின் பெயரில் தனியே போட்டு வைத்தால், நோய் வரும் நாளில் டாக்டர் வீட்டு வாசலில் கை பிசைந்துகொண்டு நிற்க வேண்டியதில்லை.